‘எனக்கெல்லாம் வராது’ என்று சொல்லும் பிள்ளையோடு

தன்மதிப்பு குறைந்த பிள்ளை என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். என் அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. அப்போது அவளுக்கு 14 வயது. சொன்ன வேலையைச் செய்வாள், குரலை உயர்த்திப் பேச மாட்டாள், எதைக் கேட்டாலும் “உங்க இஷ்டம் சித்தி” என்பாள். வந்து போகிறவர்கள் எல்லாரும் “எவ்வளவு அமைதியான பொண்ணு” என்று மெச்சினார்கள்.

அந்த அமைதிக்குள் என்ன இருந்தது என்பது சின்னச் சின்ன விஷயங்களில்தான் தெரிய ஆரம்பித்தது. பல் வரிசை சரியில்லை என்று, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். குடும்பப் போட்டோவில் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நிற்பாள். வீட்டுப்பாட நோட்டில் எழுதிய வரியையே அழித்து அழித்து எழுதுவாள். சில பக்கங்களில் தாள் ஓட்டை விழுந்திருக்கும். அவள் காலை யாராவது மிதித்துவிட்டால்கூட “சாரி” சொல்வது அவளாகத்தான் இருக்கும். அப்புறம், புதிதாக எதைச் செய்யச் சொன்னாலும் ஒரே பதில்: “எனக்கெல்லாம் வராது.”

இந்தப் பதிலைக் கேட்டதும் பெரியவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. “யார் சொன்னது? உனக்கு என்ன குறைச்சல்? நீதான் ரொம்பக் கெட்டிக்காரி, நீதான் அழகு” என்று அடுக்க ஆரம்பித்துவிடுவோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவள் முகத்தைக் கவனித்தபோது ஒன்று புரிந்தது. புகழ்ச்சி கூடக் கூட அவள் இன்னும் உள்ளே போனாள். தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிள்ளையிடம் அதற்கு நேர் எதிரானதைச் சொன்னால், “இவங்களுக்கு என்னைப் பத்தித் தெரியாது, அல்லது என்மேல இரக்கப்பட்டுச் சொல்றாங்க” என்றுதான் எடுத்துக்கொள்ளும். நாம் சொல்லும் ஒவ்வொரு “நீ அருமை”க்கும் மனதுக்குள் ஒரு மறுப்பைத் தயார் செய்யும்.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், “நான் அன்புக்குரிய ஆள்” என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களுக்கு, அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகு மனநிலை இன்னும் மோசமானது. கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளச் சொல்லும் வீடியோக்களைப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எடி புருமல்மேன் என்ற டச்சு ஆய்வாளரின் 2014 ஆய்வு 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்தது. அவர்கள் வரைந்த படத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்தபோது, தன்மதிப்பு குறைந்த பிள்ளைகள் அடுத்து வரைவதற்குச் சுலபமான படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். காரணம் விளங்காமல் இல்லை. “பிரமாதம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறையும் பிரமாதமாக இருந்தாக வேண்டுமே! தோற்றுப்போக வழியில்லாத இடத்தில் நின்றுகொள்வதுதான் பத்திரம்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் எப்படிப்பட்டவள் என்று நல்லவிதமாகவும் சொல்வதில்லை, மோசமாகவும் சொல்வதில்லை. பேச்சை ‘நீ’யிலிருந்து ‘இது’வுக்கு மாற்றுவது. இந்தக் கணக்கு, இந்தப் படம், இந்த வேலை. இதில் எது சரியாக வந்தது, எது வரவில்லை, ஏன் வரவில்லை. அவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம், பழகுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இது நன்றாகக் கைகூடியது சைக்கிளில்.

எங்கள் வீட்டில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது என் வேலை. சின்ன வயதிலேயே பழகிவிட்டேன். ஒருநாள் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவளிடம் டியூபை நீட்டினேன். “தண்ணிக்குள்ள அமுக்கி மெதுவாச் சுத்து. குமிழி வர்ற இடத்துல விரலை வை.” வழக்கமான பதிலைச் சொல்ல அவளுக்கு நேரமில்லை, கை ஈரமாகிவிட்டது. கண்டுபிடித்துவிட்டாள். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டை வைத்து அழுத்தினாள். காற்றடித்து மறுபடி தண்ணீரில் அமுக்கினால், ஒட்டின் ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழி.

“பாத்தீங்களா? நான் தொட்டா எதுவுமே விளங்காது.”

“சொல்யூஷன் ஈரமா இருக்கும்போதே ஒட்டிட்ட. பளபளப்பு போற வரைக்கும் விடணும். பிச்சுட்டுத் திரும்பத் தேய்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அப்படியெல்லாம் சொல்லாதம்மா’ என்று நான் ஏதாவது ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நான் உப்புத்தாளை நீட்டினேன். இரண்டாவது ஒட்டு பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் பார்த்தால் சக்கரத்தில் காற்றில்லை! ஆனால் இந்த முறை அவளே டியூபை உருவிப் பார்த்துவிட்டு, “ஒட்டு நல்லாத்தான் இருக்கு சித்தி, ஓட்டை வேற இடத்துல” என்றாள். பிறகு டயரின் உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டி, குத்திக்கொண்டிருந்த சின்ன முள் ஒன்றைப் பிடுங்கினாள். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுபடி பஞ்சர் ஆகும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தொட்டால் விளங்காது என்று தன்னையே சொல்லிக்கொண்ட பெண், ஒட்டு பிடித்திருக்கிறதா, ஓட்டை எங்கே இருக்கிறது, ஏன் வந்தது என்று வரிசையாக யோசித்திருந்தாள். அவளைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

சில வாரத்தில் அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு “அக்கா இருக்காங்களா?” என்று வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு இவளுடைய பல் வரிசையும் தெரியாது, மார்க்கும் தெரியாது. சைக்கிள் ஓடினால் போதும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதியதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர். தானே செய்து முடித்துப் பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. நான்கில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம் என்பது அவர் கருத்து. வீடுகளில் நாம் செய்வது பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே.

எந்த வேலையைக் கொடுப்பது என்று நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இது. பெரியவர் யாரும் பார்த்து ‘சரி’, ‘தப்பு’ சொல்லத் தேவையில்லாத வேலையாக இருக்கட்டும். குமிழி வருகிறதா இல்லையா என்பது பிள்ளைக்கே தெரிந்துவிட வேண்டும். மார்க் போடும் வேலை வேண்டாம். அண்ணனோ தங்கையோ ஏற்கெனவே பேர் வாங்கிய துறை வேண்டவே வேண்டாம், போன உடனே ஒப்பீடு ஆரம்பித்துவிடும். முக்கியமாக, அந்த வேலை நடக்காவிட்டால் யாருக்காவது நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். ஒப்புக்குக் கொடுத்த வேலையைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, நாய்க்குட்டியின் முழுப் பொறுப்பு, சின்னப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பது, தாத்தாவின் போனைச் சரிசெய்து தருவது, எதுவாகவும் இருக்கலாம்.

கூச்சத்தைப் போக்குகிறோம் என்று எடுத்த எடுப்பிலேயே மேடையில் ஏற்றிப் பேச்சுப் போட்டிக்கு அனுப்புவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன்னை எல்லாரும் எடைபோடுகிறார்கள் என்று பயந்துகொண்டிருக்கும் பிள்ளையை, எல்லாரும் எடைபோடும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது பின்னால் வரட்டும், பிள்ளையே கேட்டு வரட்டும்.

சைக்கிள் வேலையில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. எதிரெதிரே உட்கார்ந்து “உனக்கு என்ன பிரச்சினை, சொல்லு” என்று கேட்டால் பதின்ம வயதுப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். இருவர் கண்ணும் சக்கரத்தின் மேல் இருக்கும்போது பேச்சு தானாக வரும். அப்படித்தான் ஒரு மாலையில், கம்பிகளைத் துடைத்துக்கொண்டே, வகுப்பில் சிலர் அவளுடைய பல்லை வைத்து ஒரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், அந்தப் பெயரில் கேலிப்படங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதையும் சொன்னாள். ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் மனது சுருங்கியிருந்தால், குறை பிள்ளையின் மனதில்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் யாரோ கேலி செய்துகொண்டிருக்கலாம். எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பதில் இருக்கும் கற்றல் குறைபாடு கண்டுபிடிக்கப்படாமலே இருந்து, அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்றே நம்பி வளர்ந்திருக்கலாம். கண்பார்வையோ காதோ சரியில்லாமல் இருக்கலாம். வீட்டிலேயே யாரோ சொல்லால் குத்திக்கொண்டிருக்கலாம். அந்த முள்ளை எடுக்காமல் நம்பிக்கையை ஊட்டுகிறேன் என்று போனால், “உன்னை மாத்திக்கோ” என்று பிள்ளையிடமே பழியைப் போட்டதாக ஆகிவிடும்.

நான் உடனே பள்ளிக்கு ஓடவில்லை. “இதை நான் என்ன செய்யணும்னு நினைக்கிற?” என்று முதலில் அவளையே கேட்டேன். பேரைச் சொல்ல வேண்டாம், எல்லார் முன்னாலும் விசாரிக்க வேண்டாம் என்றாள். அவள் சம்மதத்தோடு அந்தப் படங்களைச் சேமித்து எடுத்துக்கொண்டு, வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்தோம். எப்படிக் கையாள வேண்டும் என்பதை அவளே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேலி ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் தன் விஷயத்தில் தன் பேச்சு எடுபட்டது என்பது அவளுக்கு வேறொரு தெம்பைக் கொடுத்தது.

உறவினர் வாயும் இதில் சேரும். “என்ன, முகமெல்லாம் பரு?”, “என்ன இப்படி எடை போட்டுட்ட?”, “அவங்க பொண்ணப் பாரு, எப்படி இருக்கா.” அக்கறையாகச் சொல்வதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை முன்னால் அவர்களோடு சண்டை போட்டால் பிள்ளைக்குத்தான் கூச்சம். அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டு, “அவ உருவத்தைப் பத்தி நல்லதாக்கூட எதுவும் சொல்ல வேண்டாம், வேற எதைப் பத்தியும் பேசுங்க” என்று நேரடியாகச் சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

போன் விஷயத்தில் பிடுங்கி வைப்பதால் பயனில்லை என்பது என் அனுபவம். மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதினார். அன்றைக்கு ஒப்பிடக் கிடைத்தவர்கள் ஒரு வகுப்பு, ஒரு தெரு. இன்றைக்கு உலகமே பக்கத்தில், அதுவும் ஃபில்டர் போட்ட முகத்தோடு. நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: “ஒவ்வொரு பக்கத்தையும் பாத்து முடிச்சதும் மனசு எப்படி இருக்குன்னு கவனி. சுருங்கினா, அதை உன் கண்ணுல படாம வச்சுடு.” யார் யாரை நீக்கினாள் என்று நான் கேட்கவில்லை. சைக்கிள் பழுது பார்க்கும் வீடியோக்கள் அவள் போனில் கூடிப்போனது மட்டும் தெரியும்.

எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் இந்த வயதுக்கே உரியது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-ல் இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்றார். அதைப் போக்க அவளிடம் ஓர் ஆய்வைச் சொன்னேன். 2000-ல் தாமஸ் கிலோவிச் குழுவினர், கூச்சம் தரும் ஒரு படம் போட்ட டி-ஷர்ட்டைக் கல்லூரி மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். கேட்டுவிட்டு, “அது காலேஜ் பசங்க சித்தி. எங்க கிளாஸ்ல கால்வாசிப் பேர் பாத்தாலே போதும், மறுநாள் எல்லாருக்கும் தெரிஞ்சிரும்” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். “சரி, அப்போ அந்தக் கால்வாசிப் பேரை எப்படிச் சமாளிக்கலாம்?” என்று அங்கிருந்து பேச்சைத் தொடர்ந்தோம். ஆய்வைச் சொல்லி வாயை அடைப்பது நம் வேலையில்லை.

குறை சொல்லவே கூடாது என்று யாராவது இதைப் புரிந்துகொண்டால் அதுவும் தவறு. இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான திருத்தம் வேண்டும், அது எதற்காக என்பதும் தெரிய வேண்டும். டேவிட் யேகர் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்திக் கொடுக்கும்போது சிலருக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தார்கள். ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், அதை உன்னால் எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன்’ என்பதுதான் அதன் சாரம். அந்தக் குறிப்பைப் பெற்றவர்களில் அதிகம் பேர் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். என் அக்கா மகளின் தமிழ்க் கட்டுரைகளில் சிவப்பு மை போடும்போது நான் இதைத்தான் வாயால் சொன்னேன்.

பையன்களிடம் இதே குறை வேறு வேஷம் போட்டு வரும். தோழி ஒருத்தியின் மகன் வகுப்பில் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டு, தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டுமென்றே படிக்காமல் கேம் ஆடுவான். திமிர் என்று திட்டினார்கள். படிக்காமல் தோற்றால் “படிக்கலை, அதான்” என்று சொல்லிக்கொள்ளலாம். படித்துத் தோற்றால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. தோல்விக்கு முன்கூட்டியே ஒரு சாக்கைத் தயார் செய்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அவனுக்கும் மருந்து அதேதான்: திமிரைப் பற்றிப் பேசாமல், அவன் கையில் முடியும் ஒரு சின்ன வேலை.

இவை எல்லாவற்றையும் தாண்டிய நிலையும் உண்டு. பிடித்த விஷயங்களில்கூட விருப்பம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது, உடம்பில் கீறிக்கொண்ட தடயம் தெரிகிறது, “நான் இல்லாம இருந்தாலே நல்லது” என்பதுபோல் பேச்சு வருகிறது என்றால், இதைத் தன்மதிப்புக் குறைவு என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உடனே மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனதில் இருந்தால் வெளியே சொல்ல வழி கிடைக்கும்.

மாற்றம் வருகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். சிரித்த முகமும் கலகலப்பும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அமைதியான சுபாவம் அமைதியாகவே இருக்கும், அதில் தப்பொன்றும் இல்லை. அக்கா மகளிடம் நான் கண்டவை வேறு. “உங்க இஷ்டம்” குறைந்து, “எனக்கு இது வேணாம் சித்தி” என்று மறுத்துப் பேச ஆரம்பித்தாள். சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது. தெரியாததை “தெரியலை” என்று சாதாரணமாகச் சொல்லி உதவி கேட்டாள். “எனக்கு வராது” என்பது இன்னும் எட்டிப் பார்க்கும், பெரிய தேர்வுக்கு முன்னால் முக்கியமாக. ஆனால் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதில்லை. ஒருமுறை விடைத்தாளில் மார்க்கைக் கூட்டியதில் பிழை இருந்ததைக் கண்டுபிடித்து, தானே போய் ஆசிரியரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

இப்படி ஒன்றை உங்கள் பிள்ளை வந்து சொல்லும்போது கைதட்டிக் கொண்டாடிவிடாதீர்கள், மறுபடி அது பிள்ளையைப் பற்றிய பேச்சாகிவிடும். “அப்படியா! அப்புறம் டீச்சர் என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். மீதியைப் பிள்ளையே சொல்லும்.